இடது பக்கச் செவுரு

— கையை விடுக்கா, வலிக்குது.

— வலிக்கட்டும். உள்ள எட்டிப் பாருடி. மழைக்காலம் பூரா இந்த ஷெட்டுல கிடந்து, தெர்மாகோலை அறுத்து, ஒட்டி, தேய்ச்சு, சக்கரத்து மேல ஒரு குட்டி வீடு கட்டினேன். கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இடது பக்கச் செவுரு கரைஞ்சு தொங்குது!

— உனக்கு உதவியா இருக்கட்டும்னுதான் கோட்டிங் அடிச்சேன். தண்ணி இறங்காதுன்னு டப்பாவுல போட்டிருந்துச்சு.

— எங்கடி இறங்கும்? இறங்கச் செவுரு இருந்தாத்தானே! முதல்ல துணி ஒட்டணும், பசை காயணும், அதுக்கு மேலதான் ஸ்ப்ரே. வெறும் தெர்மாகோல்ல பட்டா அந்த மருந்து அரிச்சுத் தின்னுடும்னு தொண்டை கிழியச் சொன்னேனா இல்லையா?

— மறந்துட்டேன். சத்தியமா.

— சத்தியத்தை ஏன் வீணாக்குற? இது என்ன, சொல்லு பாப்போம்.

— ஏதோ தெர்மாகோல் துண்டு.

— ஏதோ துண்டு! குப்பைக் கூடையில, பழைய பேப்பருக்கு அடியில ஒளிச்சு வச்ச துண்டு. நடுவுல பொத்தல். முதல்ல இதுல அடிச்சுப் பாத்திருக்க. கரையுதுன்னு தெரிஞ்சப்புறம் செவுரு முழுக்க அடிச்சிருக்க.

— அது வந்து...

— வராது. வாயைத் திற.

— ஆமா, தெரிஞ்சுதான் அடிச்சேன்! போதுமா? காருக்குப் பின்னாடி இதை மாட்டிக்கிட்டு நீ பாட்டுக்குக் கிளம்பிடுவ. நான் மட்டும் இந்த வீட்ல அப்பா கத்துறதைக் கேட்டுக்கிட்டுக் கிடக்கணும்.

— நீ கிடக்கணும்னு யாரு சொன்னா?

— யாரு சொல்லணும்? டேப்பை வச்சு நானே அளந்தேன். ஒரே ஒரு படுக்கை. அதுலயும் ஒரு ஆள் புரண்டா கீழதான் விழணும். 'நீயும் வர்றியாடி'ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டியா?

— கரைஞ்ச இடத்துல ஒரு மரச்சட்டம் தெரியுதா?

— பேச்சை மாத்தாத.

— தெரியுதான்னு கேட்டேன்.

— தெரியுது. அதுக்கென்ன இப்ப?

— வெறும் தெர்மாகோல்ல திருகாணி நிக்காது. ஒரு ஆள் கனத்தைத் தாங்காது. அதான் செவுத்துக்குள்ள சட்டம் வச்சேன்.

— எந்த ஆளு?

— நான் கடைக்கு எதுக்குப் போனேன்னு நீ கேக்கவே இல்லையே. இந்தா, பிடி. கீலு. உன்னோட மடக்குப் படுக்கைக்கு.