கலங்காமல் வந்த தோட்டம்

கிணத்துக்கடவில் பஸ் ஏறிய விவசாயியின் மடியில் ஒரு கண்ணாடி பாட்டில். அடியில் மண், மேலே தெளிந்த தண்ணீர்.

"டிரைவரண்ணா, பிரேக்கை மெதுவாப் போடுங்க. என் தோட்டம் கலங்கிப்போகுமுங்க."

"தோட்டமுங்களா?" என்றார் கண்டக்டர்.

"மண்ணுங்க. மண் பரிசோதனை லேப்ல, மண்ணைக் கரைச்ச தண்ணீல கண்ணாடிக் குழாயை மிதக்கவுட்டுப் பாத்துப்போட்டு, மணலுன்னு எழுதீட்டாங்க. குட்டை வெட்டுனா தண்ணி நிக்காதாமா. நான் பாட்டல்ல தண்ணியூத்திக் குலுக்கி, ரெண்டு நாள் ஆடாம வெச்சனுங்க. பாருங்க, பாதிக்கு மேல களிமண்ணு! அதைக் காட்டத்தான் போறனுங்க."

டிரைவர் கேசட்டையும் நிறுத்திவிட்டார். பஸ் ஊர்ந்தது, யாரும் முணுமுணுக்கவில்லை. கோவை உக்கடம் வரை தண்ணீர் கலங்கவில்லை.

இறங்கும்போது பின்சீட்டுக்காரர் சொன்னார்: "நான் அந்த லேப்லதானுங்க இருக்கறேன். டெஸ்டுக்குக் குடுத்தீங்கன்னா மொதல்ல நல்லாக் குலுக்கோணுமுங்க."

விவசாயி பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஏனுங்க டிரைவரண்ணா, வண்டி எப்பத் திரும்புமுங்க?"