வெறும் வைக்கோலில் இருபத்தொரு நாள்

இந்த வருஷம் தக்காளி நன்றாகக் காய்த்தது. ஊருக்குப் போகும்போது ஒரு கூடை எடுத்துக்கொண்டு போ. இங்கே நான் ஒருத்தி எத்தனை தின்பேன்.

நேற்று எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபிறகு, கொல்லைப் படியில் உட்கார்ந்து நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா ஏன்கா என்கூட வரமாட்டேன்னு சொன்னா? நான் என்ன தப்புப் பண்ணேன்?" நான் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். எனக்கு நேரில் பேச வராது. அடுத்தவர் பேச்சை எடுத்துச் சொல்லியே பழகிய வாய் இது. அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி, நடுவில் கிழித்துப் போடாதே.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து காது போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வலது காதில் வாயை ஒட்டிச் சொன்னால் மட்டும் கேட்கும். எழுத்தும் தெரியாது. நீ ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வாய். நான் கேட்டு, அவள் காதில் சொல்வேன். நீ கால் மணி நேரம் பேசுவது என்னிடம் நாலு வரியாகிவிடும். துணியில் மிச்சத்தை வெட்டித் தள்ளுவதுதானே என் தொழில். உன் மாமியாரின் முட்டிவலி, பெரியவனின் மார்க், சின்னக் குட்டிக்குப் பல் விழுந்தது, இப்படி எது உயிரோ அதை மட்டும் சொல்வேன். அம்மா அதை வாங்கிக்கொண்டு நேரே கோழிக்கூண்டுக்குப் போவாள். அங்கே என் நாலு வரி நாற்பது வரியாகிவிடும். வாத்தியாரம்மா என்று அவள் பெயர் வைத்த வெள்ளைக் கோழி தலையைச் சாய்த்துக் கேட்கும். புள்ளிக் கோழிக்கு மட்டும் அக்கறை கிடையாது, அது மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்.

பன்னிரண்டு வருஷமும் நான் ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

வெயில் ஆரம்பித்த முதல் ஞாயிறு, புது வீடு தயாராகிவிட்டது என்றாய். பின்னால் தோட்டம் போட இடம் இருக்கிறது, கீழறையில் ரெண்டு கட்டில் போட்டாயிற்று, ஜன்னலுக்கு இனிமேல்தான் திரை தைக்க வேண்டும் என்றாய். "மாசக் கடைசியில வந்து கூட்டிட்டுப் போயிடறேன்கா, இனிமே அம்மா இங்கதான்" என்றாய். அதோடு போன் இரைய ஆரம்பித்தது, வைத்துவிட்டேன். கட்டில், திரை எல்லாம் மிச்சத் துணி என்று விட்டுவிட்டு, உயிரை மட்டும் அவள் காதில் சொன்னேன். "சின்னவ உன்னைக் கூட்டிட்டுப் போக வராளாம்மா. அங்கயே இருக்கலாமாம்."

அம்மாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே பரண் மேலிருந்த பழுப்புப் பையை இறக்கச் சொன்னாள். பூசணி விதையை உலர்த்திப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டினாள். எந்தக் கோழியை யாருக்குக் கொடுப்பது என்று பக்கத்து வீட்டுத் தபால்காரியிடம் வேலிமேல் சாய்ந்து பேசினாள். நான் மெஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் கை மூட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் என் அளவு நாடாவும் காணாமல் போயிற்று. வீடெல்லாம் தேடி, அம்மாவிடமும் எரிந்து விழுந்து, கடைசியில் புதிது வாங்கினேன். அவள் சிரித்தாள்.

ஐந்து நாள் காத்திருந்தேன். "நீ என்ன பண்ணுவே பெரியவளே" என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று. பன்னிரண்டு வருஷமாக அவள் காதாக இருந்தவள் நான். அவள் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு வெந்தது. அதற்குமேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு நீ எந்தத் தேதியில் வரட்டும் என்று கேட்டாய். நான் அம்மா காதில், "அவளுக்குத் தோதுப்படலயாம். இப்போதைக்கு வேண்டாங்கறா" என்றேன். உன்னிடம், "அம்மா வரலையாம். கோழியை விட்டுட்டு வரமுடியாதாம்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பரிமாறுகிறவள் ஒருத்தியே என்றால் மறைக்கலாம்.

நீ நம்பவில்லை. போனை அம்மாவிடம் கொடு என்று அழுதாய். கொடுத்தேன். நீ கத்தியது தள்ளி நின்ற எனக்கே கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் நீதான் என்று தெரிந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் கண்ணு. நீ கஷ்டப்படாதே. நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றாள். உன் சிரமத்தைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது. வரமறுத்ததாக நீ எடுத்துக்கொண்டாய். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. திருத்தவும் இல்லை. அப்படியும் நேரில் வருகிறேன் என்றாய். வந்தால் மனசு உடைந்துபோவாள், வெயில் தணியட்டும் என்று நான்தான் உன்னை நிறுத்தினேன்.

அன்றைக்கே புள்ளி அடை உட்கார்ந்தது. கீழே முட்டை ஒன்றும் கிடையாது, வெறும் வைக்கோல். அடைக்கோழியின் சங்கதி உனக்கும் தெரியும். தீனியை எட்டிப் பார்க்காது, கிட்டே போனால் உறுமும், மெலிந்து போகும். தொந்தரவு செய்யாமல் விட்டால் இருபத்தொரு நாளில் தானாக எழுந்து, உதறிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி தின்னப் போய்விடும். அம்மா சொல்லித்தந்ததுதான்.

அம்மாவும் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கூண்டுப் பக்கம் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். கோழிகளிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது. "சின்னவளுக்கு வேலை ஜாஸ்தி. நாமதான் புரிஞ்சுக்கணும்." வாத்தியாரம்மா தலையைச் சாய்த்துக் கேட்டது.

நான் காலண்டரில் அந்த ஞாயிற்றைச் சுழித்து, அங்கிருந்து எண்ணினேன். பிள்ளை ஆசையில் உட்கார்ந்தது எதுவானாலும் காலம் போனால் எழுந்திருக்கும் என்று நினைத்தேன். எழுந்தபிறகு பழையபடி நாங்கள் இருவரும். நான் அவளைப் பட்டினி போட்டேன் என்று நினைக்காதே. மூன்று வேளையும் தட்டு வைத்தேன். அவள் தொடாத தட்டை எடுத்துக் கோழிக்குப் போட்டேன். வற்புறுத்தவில்லை. அடையில் இருப்பதை வற்புறுத்தக் கூடாது.

பத்தாம் நாள் படுக்கைக்குப் போய்விட்டாள். தபால்காரி வேலிக்கு அப்பாலிருந்து டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். வெயில், வயசு, தேறிவிடுவாள் என்றேன். பதினைந்தாம் நாள் தண்ணீர் டம்ளரைப் பிடிக்கக் கை நிற்கவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். தோட்டத்தில் நிற்கிறாள், தக்காளி பறிக்கிறாள் என்றேன். "என்மேல கோவம் தீர்ந்துச்சாக்கா? ஒரு வார்த்தை கேளேன்" என்றாய். போனைக் கீழே வைக்காமல் அம்மாவின் அறைக்குள் பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னிடம், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன்.

வைத்துவிட்டு அவளிடம் போனேன். "சின்னவ என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?" என்றாள். குரலே இல்லை, உதடுதான். வலது காதில் வாயை ஒட்டி, "ஒண்ணும் கேக்கலம்மா. எல்லாரும் சௌக்கியமாம்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு என் கன்னத்தைத் தடவினாள். பிறகு அவள் உன்னைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இருபதாம் நாள் காலையில் பால் கொண்டு போனபோது கை சில்லிட்டிருந்தது. டாக்டர் வந்தார். வெயில், வயசு என்று நான் சொன்னதையே எழுதிக்கொடுத்தார்.

நேற்று நீ குளிக்கப் போனபோது, அவள் துணி ஏதாவது உனக்குக் கொடுக்கலாம் என்று அந்தப் பழுப்புப் பையைத் திறந்தேன். மேலே விதைப் பொட்டலங்கள். அதற்கடியில் அவளுடைய துணி இரண்டே செட். மிச்சமெல்லாம் என்னுடையது. என் குளிர்ச் சட்டை, என் பழைய கண்ணாடி, பஞ்சில் சுற்றிய என் சின்னக் கத்தரி, நூல் கண்டுகள். எல்லாவற்றுக்கும் கீழே, நன்றாகச் சுருட்டி முடிபோட்டு, என் அளவு நாடா.

அவள் ஏன் என்னைக் கேட்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தன் காலைப் பார்த்து நீயும் வருகிறாயா என்று யாராவது கேட்பார்களா? நீ குளித்துவிட்டு வந்ததும், கீழறையில் ரெண்டாவது கட்டில் யாருக்கு என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "என்னக்கா கேள்வி இது, உனக்குத்தான்" என்றாய்.

அம்மா உன்னோடு வரமாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னது நான். நீ வேண்டாம் என்றதாக அவளிடம் சொன்னதும் நான். அவள் என் கண்ணெதிரே வற்றிப்போக, தட்டு வைத்துத் தட்டு எடுத்து, நாள் எண்ணியதும் நான். நீ ஒரு தப்பும் பண்ணவில்லை.

இந்தக் காகிதத்தை அந்தப் பையிலேயே வைக்கிறேன். விதைப் பொட்டலங்களோடு எடுத்துக்கொண்டு போ. வாத்தியாரம்மாவைத் தபால்காரிக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தாள், கொடுத்துவிடு. புள்ளி என்னிடமே இருக்கட்டும். அம்மா போன மறுநாள், சரியாக இருபத்தொன்றாம் நாள், அது எழுந்து உதறிக்கொண்டு தீனிக்கு ஓடியது. நான்தான் பார்த்தேன். அம்மாவும் அந்த ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.