செவந்தி அக்காவுக்காக ஒரு திங்கட்கிழமை மனு

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியர் ஞானமணி அவர்களே, இதை ஏற்பாடு செய்த தோழர் ஆரோக்கியதாஸ் அவர்களே, கட்டுமாவடியிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் அக்காமார்களே, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் திருமயம் அடைக்கலம் அண்ணன் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் இலக்கியா. ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதும் கடையில் தட்டச்சு செய்கிறேன். மைக் முன்னால் நிற்பது இதுதான் முதல் தடவை. ஆறு வருடமாக நான் எழுதினேன், செவந்தி அக்கா பேசினார். "ஒனக்குக் கை, எனக்கு வாய். ரெண்டும் சேந்தா ஒரு ஆளு" என்பார். இன்று கை மட்டும்தான் வந்திருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமது மாவட்டத்தின் திருநங்கையர் நலச் சங்கத் தலைவி செவந்தி! திங்கட்கிழமை தவறாமல் குறைதீர் கூட்டத்துக்கு வந்தவர் செவந்தி! அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மனுவை உடனே நீட்டமாட்டார். "மொதல்ல பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க சார், அப்புறம் வாங்கிக்கங்க" என்பார். "ஏம்மா, வரிசை நிக்குது." "நிக்கட்டும் சார். நாலெழுத்து. சொல்ல எம்புட்டு நேரமாகும்?" அலுவலர் பல்லைக் கடித்துக்கொண்டு "செவந்தி" என்பார். அதன் பிறகுதான் மனு கை மாறும்.

யாருக்காக அத்தனை மனு? தனக்காகவா? பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வந்த பெண்கள், முதியோர் பென்ஷன் மனுவுக்கு அவர் வீட்டு வாசலில் வரிசையில் உட்கார்ந்தார்கள். புதுவீட்டுக்குப் பால் காய்ச்ச, வந்து வாழ்த்தச் சொல்லி அழைத்தவர்கள், அதே வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டபோது "சொந்தக்காரங்க வாராங்க" என்றார்கள். அந்தச் சொந்தக்காரர்கள் இன்னும் வரவில்லை. மாடி பூட்டியே கிடக்கிறது.

ஒன்றாக வாழும் இரண்டு பெண்களுக்கு ரேஷன் கார்டு கேட்டுப் போனோம். அவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லக்கூடிய நாள் இன்னும் வரவில்லை. "ரெண்டு பேருக்கும் என்ன உறவு?" என்று கேட்டார் அலுவலர். "ஒரே அடுப்புல பொங்கிச் சாப்பிடுறாங்க சார். அரிசி அடுப்புக்கா, கல்யாணப் பத்திரிகைக்கா?" என்று கேட்டார் அக்கா. பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். சிரிப்பு கிடைத்தது, கார்டு கிடைக்கவில்லை. ஏழு மனு போட்டாயிற்று. ஏழுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது. எத்தனை வருடம்தான் பரிசீலிப்பீர்கள்?

பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. இந்த மேடையையும் சொல்லியாக வேண்டும். எனக்குப் பின்னால் இருக்கும் பேனரில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறதே, அதைக் காலையில் ஒட்டியது நான்தான். செவந்தி என்று பெரிதாகப் போட்டு, கீழே அடைப்புக்குறிக்குள் பழைய பெயரையும் போட்டிருந்தார்கள். கேட்டால், "யாருன்னு தெரியணுமில்லம்மா?" என்கிறார் தோழர். யாருக்குத் தெரிய வேண்டும்? இந்த மண்டபத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்த ஆளிடம் மனு எழுதச் சொல்லி வந்தவர் யார்? கூட நின்று கோஷம் போட்ட நமக்கே இது புரியவில்லை என்றால், எதிரே உட்கார்ந்திருக்கும் அலுவலரை என்ன சொல்வது?

மற்றவர்களைச் சொன்னது போதும். என்னைச் சொல்கிறேன்.

அக்கா இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றேன். அவருடைய ஆதார் அட்டை என் கையில் இருந்தது. செவந்தி என்று அச்சிட்ட அட்டை. அதற்காக அவர் நான்கு வருடம் அலைந்தார். இறப்புப் பதிவேட்டை வைத்திருந்தவர் என்னைப் பார்த்து, "எறந்தவருக்கு நீங்க என்ன வேணும்?" என்றார். என்ன சொல்வது? கூடப் பிறந்தவளா? மகளா? மனு எழுதுகிறவள் என்று ஒரு உறவு உண்டா? வாய் வரவில்லை. ஒதுங்கி நின்றேன். அடுத்து, அக்காவின் கூடப்பிறந்த அடைக்கலம் அண்ணனைக் கேட்டார். "தம்பிங்க" என்றார் அண்ணன். வீட்டு ரேஷன் கார்டை நீட்டினார். அதில் இருந்த பழைய பெயரை எழுதிக்கொண்டார்கள்.

முடிந்தது! இருபத்திரண்டு வருடமாக யாரும் பார்த்திராத ஒரு ஆண், சென்ற மாதம் காலமாகிவிட்டார். செவந்தி சாகவே இல்லை. அடுத்த தேர்தலுக்கு அவருக்கு வாக்காளர் சீட்டு வரும், பாருங்கள். இருந்தபோது இருப்பதாக ஒத்துக்கொள்ளாத காகிதம், இறந்தபோது இறந்ததாகவும் ஒத்துக்கொள்ளவில்லை. இதற்கு அழுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

அடைக்கலம் அண்ணே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அக்காவுக்கு முடியாமல் போனதும் சிங்கப்பூர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தலைமாட்டில் உட்கார்ந்து நீங்கள் அழுததையும் பார்த்தேன். அந்தப் பெயரைக் கார்டிலிருந்து எடுக்க உங்கள் அம்மா கடைசிவரை விடவில்லை என்று நேற்று சொன்னீர்கள். "திரும்பி வந்தா பேரு இருக்கணும்ல" என்றாராம். அந்தப் பாசமே பதிவேட்டில் ஏறிவிட்டது அண்ணே. அதைத்தான் திருத்தக் கேட்கிறேன். "ஊருல கேட்டா என்னம்மா சொல்றது?" என்றீர்கள். அக்கா எந்த ஊரில் யார் கேட்டாலும் சொன்னாரே!

ஆசிரியர் அவர்களே, நிகழ்ச்சி நிரலில் அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று இருக்கிறது. தயவுசெய்து என்னை விட்டுவிடுங்கள். என் பங்கு மௌனத்தை அந்த வராந்தாவிலேயே செலுத்திவிட்டேன்.

சங்கத்து வேலை நிற்காது. எட்டாவது ரேஷன் கார்டு மனு தயாராக இருக்கிறது. இனி நானே பேசுவேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். ஆனால் ஒரே ஒரு மனு மட்டும் என்னால் தனியாக முடியாது. பதிவைத் திருத்த, தகவல் கொடுத்தவரே கையெழுத்துப் போட வேண்டுமாம். அண்ணனுக்குச் செவ்வாய்க்கிழமை விமானம். இருப்பது ஒரே ஒரு திங்கட்கிழமை.

காலை பத்து மணிக்கு அங்கே நிற்பேன். பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் மனுவை நீட்டமாட்டேன். செவந்தி என்று கூப்பிடுவார்கள். முன்னால் போவேன். "அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?" என்று மறுபடியும் கேட்பார்கள். உறவு என்று போட்டிருக்கும் அந்தக் கட்டத்தில் எழுத என்னிடம் இன்றும் ஒரு சொல் இல்லை.

உங்களிடம் இருக்கிறது அண்ணே. வந்து ஒரு தடவை, "எந் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.