வியாழக்கிழமை தெற்கே

இந்த இடத்துல ஒரு குட்டிக் கதைக்குள்ள போயிட்டு வந்துடுவோம்... சிரிச்சுக்கிட்டேதான் ஆரம்பிக்கிறேன். முடிக்கறப்ப சிரிப்பேனான்னு தெரியலைங்க.

நம்ம டெக்சாஸ்லதான், சான் அன்டோனியோவுல, சென்னியப்பன்னு ஒருத்தர். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். இங்க வந்த புதுசுல ஸ்டியரிங்கைத் தொடவே அவருக்குப் பயம். ஊர்ல இடது பக்கம் ஓட்டிப் பழக்கம், இங்க வலது பக்கம். யாரு சொல்லிக் கொடுத்தது? நம்ம ஆளுங்களா? நமக்கு ஏதுங்க நேரம்! கூட வேலை பார்த்த எஸ்தெபான்னு ஒரு மெக்சிகோக்காரர். ஞாயித்துக்கிழமையானா தன்னோட வண்டியையே கொடுத்து, பக்கத்துல உக்காந்து, இவரு கொண்டு போய் இடிச்சப்பவும் திட்டாம சொல்லிக் கொடுத்தாரு.

அந்த எஸ்தெபான் ரிட்டையர் ஆகி, எல்லை தாண்டி, சொந்த ஊர் மான்டெர்ரேக்கே போயிட்டாரு. போறப்ப கேட்டது ஒண்ணே ஒண்ணு. "சென்னி, ஒரு தடவை எங்க வீட்டுக்கு நீயே ஓட்டிட்டு வா. நான் வாசல்ல நின்னு பாக்கணும்." அவ்வளவுதான். பெரிய ஆசையா இது?

காலைல கிளம்பினா சாயங்காலத்துக்குள்ள போயிடலாம். ஆனா நம்மாளு ப்ளான் போட ஆரம்பிச்சாரு. ப்ளான் போடறதைப் பத்தி உங்களுக்கா நான் சொல்லணும்? க்ரீன் கார்டு வரட்டும்னாரு. வந்துச்சு. புது டயர் மாத்திக்கலாம்னாரு. மாத்தினாரு. அப்புறம் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர், மெக்சிகோவா, கார்லயா, உங்களுக்கென்ன பைத்தியமான்னு கேட்டுட்டாரு. அதுல ஒரு வருஷம் போச்சு. கேட்டவரு மெக்சிகோ போனவரான்னு கேக்காதீங்க... அவரு ஹூஸ்டனையே தாண்டினதில்லை.

அப்புறம் ஒரு நாள் எஸ்தெபானோட சம்சாரம் கிராசியேலா போன் பண்ணாங்க. ஈரல்ல புத்துநோயாம். டாக்டர் கையை விரிச்சுட்டாராம். உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காருன்னு சொன்னாங்க.

தேங்க்ஸ்கிவிங் லீவு வந்துச்சு. இன்சூரன்ஸ் ரெடி, பர்மிட் ரெடி. வியாழக்கிழமை காலைல கிளம்பறோம்னு அங்க சொல்லியாச்சு. புதன்கிழமை சாயங்காலம், ஊர்ல இருந்து வந்த தினசரி காலண்டரைப் பாக்கறாரு. வியாழக்கிழமை... சூலம்... தெற்கு. மெக்சிகோ எந்தப் பக்கம்? நேர் தெற்கு.

அவரு சம்சாரம் பூங்கோதை கெஞ்சினாங்க. "அவரு வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பாருங்க. போயிரலாங்க."

இவரு சொன்னாரு, "மொத மொதல்ல பார்டர் தாண்டறோம் கண்ணு. ஒரு நாள்தான? வெள்ளிக்கிழமை போயிக்கலாம்." அங்கயும் போன் போட்டுச் சொல்லிட்டாரு. அதே தாள்ல, சூலத்துக்குப் பக்கத்துலயே, பரிகாரம் தைலம்னும் போட்டிருந்துச்சு. தலையில துளி எண்ணெய் வச்சுக்கிட்டுக் கிளம்பியிருக்கலாம். பயத்துல மனுஷன் அதைக் கவனிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை கிளம்பினாங்க. அதுவும் ராகு காலம் கழிச்சுத்தான். எல்லையில யாரும் ஒரு வம்பும் பண்ணலை. ரோடு நம்ம சேலம் பைபாஸ் மாதிரி இருந்துச்சாம். பொழுது சாயறப்ப வீட்டு முன்னாடி வண்டியை நிறுத்தினாரு. வாசல்ல யாரும் இல்லை.

உள்ள, கட்டில்ல எஸ்தெபான்... மூச்சு இருக்கு. நினைவு இல்லை. சென்னியப்பன் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, நான்தான் வந்திருக்கேன், நானே ஓட்டிட்டு வந்தேன்னு திரும்பத் திரும்பச் சொல்றாரு. என்னத்தைச் சொல்லி என்னங்க?

கிராசியேலா பக்கத்துல வந்து நின்னு சொன்னாங்க. "நேத்து நல்லாப் பேசினாரு. நாளைக்குத்தான் வருவாங்கன்னு சொல்லியும் கேக்கலை. வெள்ளைச் சட்டையைப் போட்டுவிடச் சொல்லி, இருட்டற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தாரு."

அந்தத் துக்கத்துலயும் அந்தம்மா சோறு போட்டாங்க. கறி சாப்பிடாத பூங்கோதை தட்டைப் பாத்துத் தயங்கியிருக்காங்க. இது கறியே படாத பாத்திரம், பயப்படாம சாப்பிடுங்கன்னு கிராசியேலா சொன்னாங்களாம். ஊருக்குத் திரும்பி வந்த வருஷமே, சென்னி வீட்டுல வந்தா வேணும்னு எஸ்தெபானே போய் வாங்கி வச்சாராம். கேக்குதுங்களா? இவரு இங்க டயர் மாத்திக்கிட்டிருந்தப்ப, அவரு அங்க பாத்திரம் வாங்கி வச்சுட்டுக் காத்துக்கிட்டிருந்தாரு.

மறுநாள் விடியறப்ப எஸ்தெபான் போயிட்டாரு. இதை என்கிட்ட சொல்றப்ப சென்னியப்பன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாருங்க. எனக்கும் தாங்கலை.

நல்ல நேரம் பாக்காதீங்கன்னு நான் சொல்ல வரலை. எங்க வீட்டுலயும் அந்தக் காலண்டர் தொங்குது. நான் கேக்கறது வேற. டயரைப் பத்தி யோசிச்சாரு, பர்மிட்டைப் பத்தி யோசிச்சாரு, திசையைப் பத்தி யோசிச்சாரு... அந்த மனுஷனுக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்குன்னு யோசிச்சாரா? உங்களுக்கும் அப்படி ஒருத்தர் இருப்பாங்க. எல்லை தாண்டித்தான் இருக்கணும்னு இல்லை, பக்கத்துத் தெருவுலயே இருப்பாங்க. எப்ப வருவன்னு கேட்டுக் கேட்டு, இப்ப கேக்கறதையே விட்டிருப்பாங்க.

அவங்க முகம் இப்ப ஞாபகம் வருதா?... ஞாபகம் வந்தவங்க என் பேச்சு முடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க. எந்திரிச்சுப் போங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.