கேமராவில் கறுப்புக் கட்டம்

ஜான்சி: இதுலயும் கறுப்பா?

அயூப்: இதுலயும் கறுப்புதான். நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா... யாரு கேட்டா?

ஜான்சி: இருங்க அயூப் அண்ணா, உங்க பிரௌசிங் சென்டர் நாலாவது கேபின்லேர்ந்து என் படம் அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன். பரிதா, உன் ஸ்க்ரீன்ல நான் தெரியறேனா?

பரிதா: கறுப்புக் கட்டம்தான் ஜான்சி. உன் குரல் கேக்குது.

ஜான்சி: எனக்கும் நீ கறுப்புதான். தடுப்புக்கு மேல எட்டிப் பாத்தாத்தான் உன் புள்ள மஹீன் மூக்கை நோண்டறது தெரியுது.

பரிதா: ஏய் மஹீன், கையை எடு!

அயூப்: பாத்தியா? இங்கேர்ந்து இவ புருஷன் முதாசிருக்குப் போவுது, அங்கேர்ந்து வரல. நரியோட கொணம் அது.

ஜான்சி: நரியா?

அயூப்: ஃபயர்பாக்ஸும்மா. வாலைச் சுத்திகினு ஒரு நரி கீதே. வேகம்னா வேகம்! ஒரே ஜன்னல்ல பத்துப் பக்கம் தொறக்கலாம். தேவையில்லாத ஜன்னல் எதுவும் குறுக்க வந்து குதிக்காது. அந்தப் பழைய எக்ஸ்புளோரரு கீது பாரு, பொங்கலுக்குப் பெருங்களத்தூர்ல மாட்டுன பஸ்ஸு. நகரவே நகராது.

ஜான்சி: அண்ணா, எனக்கே பாடம் எடுக்கறீங்களா? பெருங்குடி ஆபீஸ்ல என் வேலையே அதுதான். ஒரு சைட்டை நாலு பிரௌசர்ல தொறந்து, எதுல எது உடையுதுன்னு எழுதறது. வேகம் வேற, ஒத்துப்போறது வேற.

அயூப்: ஒத்துக்கறேன் தாயே...

ஜான்சி: ஒத்துக்க வேணாம், தொறங்க. ஒபேரா?

அயூப்: தொறந்தாச்சு. பக்கமே கோணலா நிக்குது. பட்டன் மேல பட்டன் ஏறிகினு...

ஜான்சி: புதுசா வந்த குரோம்?

அயூப்: மின்னல் மாதிரி தொறக்குது. ஆனா கேமரா பட்டனையே காணோம்.

ஜான்சி: அப்போ பாக்கி ஒண்ணுதான். இந்த வீடியோ சாட் சைட்டை எக்ஸ்புளோரருக்குன்னே கட்டியிருக்கான். அந்த நீல 'e' எழுத்துல தொறந்தா ரெண்டு பக்கமும் படம் வரும். நான் பெட் கட்டறேன்.

அயூப்: அதான் இல்லியே இதுல.

ஜான்சி: எங்கே போச்சு?

அயூப்: தூக்கிட்டேன். எல்லா கேபின்லயும். வைரஸ் பேஜார் தாங்கல.

ஜான்சி: சரியான ஆளுண்ணா நீங்க! உங்க கவுன்ட்டர் சிஸ்டத்துல இருக்கே? அதுலதானே எல்லாருக்கும் ரயில் டிக்கெட் போடறீங்க?

அயூப்: அது... அது கடை சிஸ்டம்மா. அதுல கஸ்டமரை உக்கார வெச்சா நல்லாவா கீது?

ஜான்சி: பரிதா கஸ்டமரா? உங்க தெருப் பொண்ணு அண்ணா. புருஷன் முகத்தைப் பாத்து நாலு மாசம் ஆச்சு அவளுக்கு.

பரிதா: விடு ஜான்சி. அண்ணாவை ஏன் படுத்தற... குரல் வருதே, போதும்.

ஜான்சி: போதுமா? போன மாசம் என் தோள்ல சாஞ்சு அழுதது யாரு? 'மச்சான் வேணும்னே கேமராவை மூடறார், அங்க வேற யாரோ இருக்கா'ன்னு சொன்னது யாரு?

பரிதா: மெதுவா பேசு... புள்ள இருக்கு.

ஜான்சி: இவளை இன்னிக்கு இழுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள எனக்கு உயிர் போச்சு அண்ணா. வேணாம் வேணாம்னு வாசல்லயே நிக்கறா. உதவி பண்ண வந்தா இப்படியா?

பரிதா: எனக்கு எதுக்குடி அவர் முகத்தைக் கேக்கற உரிமையெல்லாம்... கடப்பேரியில ஒழுங்கா டிங்கரிங் கடை வெச்சிருந்த மனுஷன். நான் போறேன்னு அவரா சொன்னார்? 'அஃப்தாப் அண்ணன் வெளிநாடு போய் மாடி கட்டிட்டார், நீங்க மட்டும் இன்னும் சுத்தியலால தகரத்தைத் தட்டிக்கிட்டு இருங்க'ன்னு தினம் தினம் குத்திக் குத்தி அனுப்பினவ நான். என் வாய்க்கு வசம்பு வெச்சுத் தேய்க்கணும்.

அயூப்: நீ எதுக்கும்மா அப்படிச் சொல்ற... அவனவன் ரிசிக்கு, சோத்துப் பங்கு, எங்க எழுதியிருக்கோ...

பரிதா: எழுதினவன் மேல பழியைப் போட்டா தூக்கம் வருமா அண்ணா?... சரி, மஹீன் பன்னு கேக்குது. முனியம்மா கடை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். மச்சான் லைன்ல வந்தா குரல் குடுங்க.

அயூப்: போய்ட்டு வா... வண்டி வருது, பாத்துத் தாண்டு.

ஜான்சி: போய்ட்டா. இப்போ சொல்லுங்க.

அயூப்: இன்னாத்தைச் சொல்ல?

ஜான்சி: கவுன்ட்டர் சிஸ்டத்துக்குக் குறுக்க நந்தி மாதிரி நிக்கறீங்களே, அதை.

அயூப்: நிக்கல. சேர் இல்ல, அதான்...

ஜான்சி: அண்ணா. நான் எத்தனையோ பேர் புளுகைக் கேட்டிருக்கேன். 'என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது'ன்னு புரோகிராமர் சொல்லும்போது இதே முழிதான் முழிப்பான். முதாசிர் அண்ணன் அங்க யாரையாவது...

அயூப்: சீ! வாயைக் கழுவு. தங்கமான ஆளு அவன்.

ஜான்சி: பின்னே?

அயூப்: அவகிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லு.

ஜான்சி: சொல்ல மாட்டேன்.

அயூப்: உங்க மாதா மேல?

ஜான்சி: மாதா மேல. சொல்லுங்க.

அயூப்: கேஸ் வெல்டிங் பண்றப்போ ஓஸ் பைப்பு வெடிச்சிட்ச்சு. நோன்பு முடிஞ்ச கையோட. அஃப்தாப் தான் எனக்குப் போன் பண்ணான். முகம்... ஒரு பக்கம் பூரா...

ஜான்சி: ஐயோ... கண்ணு?

அயூப்: கண்ணு தப்பிச்சிது, அல்லா காப்பாத்துனான். காதும் கன்னமும் போச்சு. உதடு ஒரு பக்கமா இழுத்துகினு கீது. நான் ஒரே ஒரு தபா பாத்தேன். அன்னிக்கு சோறு எறங்கலம்மா.

ஜான்சி: நாலு மாசமா... இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?

அயூப்: சொல்லக் கூடாதுன்னு கெஞ்சுறான். 'ஊருக்கு வந்து நானே அவ எதிர்ல நின்னுக்கறேன் அயூப். பொட்டியில பாத்து அவ பயந்தான்னா என்னால தாங்க முடியாது'ன்றான்.

ஜான்சி: அப்போ கேமராவை அவர் ஆஃப் பண்ணிட்டுப் பேசலாமே?

அயூப்: அங்கதானே வம்பு! அந்த சைட்டு ரெண்டு பேரும் கேமரா போட்டாத்தான் படம் அனுப்பும். இவன் ஆஃப் பண்ணா அவனுக்குப் புள்ள மூஞ்சி தெரியாது. மஹீனைப் பாக்காம இருக்க முடியலடான்னு அழுவுறான். நான் இன்னா பண்ணுவேன்? முட்டி மோதிப் பாத்தேன். நரியில தொறந்தா இங்கேர்ந்து போற படம் போவுது, அங்கேர்ந்து வர்றது கறுப்பாய்டுது. அல்லாவா பாத்துக் குடுத்த வழின்னு நெனச்சேன்.

ஜான்சி: அதுக்குத்தான் எல்லா கேபின்லயும் எக்ஸ்புளோரரைத் தூக்கினீங்களா?

அயூப்: பேங்க் வேலைக்கு வர்றவன்லாம் திட்டிட்டு எதிர்க் கடைக்குப் போறான். போவட்டும். ஆனா இவ வந்து ஒவ்வொரு வாரமும் 'இன்னிக்கு வேற பிரௌசர் போட்டுப் பாக்கலாமா அண்ணா'ன்னு கேக்குறப்போ மாட்டேன்னு எப்படிச் சொல்றது? ஒபேரா எறக்குனேன், குரோம் எறக்குனேன். வராதுன்னு தெரிஞ்சே எறக்குனேன். அவளோட உக்காந்து 'அட, இதுலயும் வரலியே'ன்னு நானும் உச்சுக் கொட்டுனேன்.

ஜான்சி: நான் வேற... பெட் கட்டறேன்னு குதிச்சேனே. சேச்சே. எனக்கு எதுக்கு இந்த வேலை?

அயூப்: வந்துட்டா... மூஞ்சியைத் தொடை.

பரிதா: முனியம்மா கடையில பன்னு தீந்துடுச்சாம், பிஸ்கட்தான் கெடைச்சுது... என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி?

ஜான்சி: ஒண்ணும் இல்ல. இந்த ஏசி தூசி...

பரிதா: ஏசி ஓடலையே.

அயூப்: இப்போதான் நிறுத்துனேன்.

பரிதா: சரி, கவுன்ட்டர் சிஸ்டத்துல தொறக்கலாம்னியே ஜான்சி. தொறக்கலையா?

ஜான்சி: அது... இப்போ நல்லா யோசிச்சுப் பாத்தேன் பரிதா. அதுலயும் வராது.

பரிதா: வராதா?

ஜான்சி: வராது. சைட்டை மாத்திட்டான் போல. புது வெர்ஷன். எதுலயுமே ஒத்துப்போகாது... கொஞ்ச நாளைக்கு.

பரிதா: பெட் கட்டினியே?

ஜான்சி: தோத்துட்டேன்னு வெச்சுக்கோ.

அயூப்: ஆமாம்மா, ஜான்சியே சொல்லிடுச்சு. ஆபீஸ்ல பெரிய ஆளு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கற...

பரிதா: உங்களை எப்போ நம்பலன்னு சொன்னேன்?... அண்ணா, ஸ்க்ரீன்ல லைட் எரியுது. மச்சான் வந்துட்டார்.

அயூப்: உக்காரு, உக்காரு. மஹீனை மடியில வெச்சுக்கோ. கேமராவை... ஜான்சி, நீ எங்க போற?

ஜான்சி: வெளிய நிக்கறேன் அண்ணா. என்னால முடியல.

பரிதா: நில்லுடி. அழறதுக்கு வெளிய போகணுமா என்ன?

ஜான்சி: யாரு அழறா?

பரிதா: உனக்குப் பொய் சொல்ல வரல ஜான்சி. அண்ணா பழகிட்டார், பாவம். உனக்கு மூக்கு செவந்துடுச்சு.

அயூப்: பரிதா... இன்னாம்மா சொல்ற?

பரிதா: போன வெள்ளிக்கிழமை கடையைப் பாத்துக்கோன்னு அஸர் தொழப் போனீங்களே அண்ணா, அப்போ கேமரா ஒயரைப் புடுங்கி உங்க கவுன்ட்டர் சிஸ்டத்துல சொருகி, அந்த நீல எழுத்துல தொறந்துட்டேன்... தலையைப் படிய சீவிக்கிட்டு, பெருநாள் சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார், எனக்கு அவர் படம் வராதுன்னு தெரிஞ்சும்... மஹீனைப் பாத்து அந்த வாயாலேயே சிரிச்சார். 'நான் தெரியறேனா பரிதா'ன்னு கேட்டார். 'இல்ல மச்சான், கறுப்பாத்தான் இருக்கு'ன்னுட்டேன்... தெரியுதுன்னு சொன்னா கேமராவை மூடிடுவார், அப்புறம் புள்ளையைப் பாக்க மாட்டார்... நரியையே தொறங்க அண்ணா.