மாவு கலக்காத தண்ணீர்

உருளைக்கிழங்கை மிக்சியில் போட்டு அடிக்கக் கூடாது. நிறையப் பேர் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். பசை மாதிரி இழுத்துக்கொண்டு தொண்டையில் ஒட்டும். குழைய வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சல்லடையில் வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்க வேண்டும். கொஞ்சம் வெண்ணெய், கொஞ்சம் வெதுவெதுப்பான பால். கரண்டியைச் சாய்த்தால் மொத்தமாக நழுவி விழ வேண்டும்; ஒழுகவும் கூடாது, ஒட்டவும் கூடாது.

இதெல்லாம் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கற்றுக்கொண்டது. அதுவரை லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஓடுவேன். வீட்டை நடத்தியது என் மனைவி. கணக்கு டீச்சர். "உங்கப்பா ஊரையே மேலயும் கீழயும் ஏத்தி இறக்குவாரு. குடிச்ச தம்ளரை எடுத்து வைக்க மட்டும் தெரியாது" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரிப்பேன்.

அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் 'ம்', 'வேணாம்', 'போதும்' என்று நாலைந்து வார்த்தைகள்தான் மிஞ்சின. விழுங்குவதும் போயிற்று. எதைக் கொடுத்தாலும் பாதி நுரையீரல் பக்கம் போய்விடும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி தருகிற பெண்தான் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். சோற்றையும் காயையும் மீனையும் தனித்தனியாக அரைத்து வடிகட்டுவது, நிமிர்ந்து உட்காரவைத்து ஊட்டுவது, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். தண்ணீர்தான் ஆபத்து. அது வேகமாக ஓடும். கெட்டியாக்கும் மாவைக் கலந்து, தேன் பதத்துக்குக் கொண்டுவந்துதான் கொடுக்க வேண்டும்.

எனக்கு அது கைவந்தது. மீனில் முள் தேடுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. காரட்டைத் தனியாக, பட்டாணியைத் தனியாக, நிறம் கலக்காமல் தட்டில் வைப்பேன். அவள் குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் கணவன்மாரிடம் என்னைக் காட்டிப் பேசினார்கள். பொய் சொல்லவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு அவள் தேறத் தொடங்கினாள். பயிற்சிப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "நல்லா விழுங்குறாங்க சார். இனிமே அரைக்க வேண்டாம், குழைய வேகவச்சு மசிச்சுக் கொடுங்க போதும். தண்ணிக்கு மட்டும் மாவு கலக்கணும். அடுத்த சோதனையும் இப்படியே இருந்தா வீட்டுச் சாப்பாடே சாப்பிடலாம்."

அன்று சாயங்காலம் மகள் வந்திருந்தாள். அவள் ஊரில் பேச்சுப் பயிற்சிக்கு நல்ல இடம் இருக்கிறதாம். "சோதனை முடிஞ்சதும் அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேம்பா. நீங்களும் வாங்க" என்றாள். அம்மா பக்கம் திரும்பி, "அப்பாவும் வரட்டும், என்னம்மா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றாள் என் மனைவி.

மகள் சங்கடப்பட்டாள். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்கு அலைச்சல் வேண்டாம் என்றுதான் அவள் அப்படிச் சொன்னாள். இருக்கிற நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு வேறு எப்படிச் சொல்வாள்?

அடுத்த சோதனைக்குக் கிளம்பும் முன், ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன். வெறும் தண்ணீர்.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது அவளுக்கு. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, "மாவு" என்றாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் புது வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"போட்டாச்சும்மா. கரைஞ்சு போச்சு. குடி" என்றேன்.

குடித்தாள். இருமினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தும் இருமல் நிற்கவில்லை, குரல் ஈரமாகக் கரகரத்தது. பயிற்சிப் பெண் அவள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு முகம் வாடிப்போனாள். "போன தடவை இவ்வளவு நல்லா இருந்ததே. வீட்ல தண்ணி ஏதாவது கொடுத்தீங்களா சார்?"

"இல்லம்மா" என்றேன்.

மறுபடி அரைத்த சாப்பாட்டுக்கே திரும்பினோம். மகள் தனியாக ஊருக்குப் போனாள். அடுத்த சோதனைக்கு முன்னாலும் கொடுத்தேன். அதற்கடுத்த முறையும். அந்த முறை இருமல் வரவில்லை, காய்ச்சல் வந்தது. நுரையீரல் முழுக்கச் சளி கட்டிவிட்டது என்றார்கள். மூக்கில் குழாய் போட்டுவிட்டதால் நான் ஊட்ட வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சை நனைத்து அவள் உதட்டைத் துடைத்தேன். பஞ்சைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்கள மாதிரி யாரும் பாத்திருக்க முடியாதுப்பா." நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

சோதனை அறையில் எதையோ தப்பாகக் கொடுத்து அம்மாவைக் கொன்றுவிட்டாள் என்று இப்போது மகள் அந்தப் பயிற்சிப் பெண்மேல் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாமே. அந்தப் பெண் நல்லவள் சார். கைக்குழந்தைக்காரி. அவள்மேல் தப்பில்லை. தண்ணீரைக் கொடுத்தது நான், தெரிந்தேதான் கொடுத்தேன். நுரையீரலுக்குப் போகும் என்று அவள்தான் எனக்குப் படம் வரைந்து காட்டியிருந்தாளே.

ஆனால் ஒன்று. நீங்கள் கொலை என்று எழுதுகிறீர்கள், நான் தடுக்கவில்லை. இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அவள் 'மாவு' என்று சொல்லவில்லை. மூடி திறக்காமலே இருந்த மாவு டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். முதல் முறைக்குப் பிறகு ஒரு நாள் அவள் பிடிவாதமாக வாயை மூடிக்கொண்டாள். அன்று பொழுது சாயும்வரை நான் எதுவும் தரவில்லை, அவ்வளவுதான், ஒரு கண்டிப்புக்காக. அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. வேண்டாம் என்றால் 'வேணாம்' என்று சொல்லியிருப்பாள், அந்த வார்த்தை அவளுக்கு நன்றாகவே வந்தது. சொல்லவில்லை. அவளுக்கும் என்னை விட்டுப் போக மனசில்லை, சார்.