பதினோராவது வயது முகம்

மாதாமாதம் பணம் கட்டுவது எனக்கு எப்போதுமே ஒத்துவராத காரியம், மேடம். பாலுக்கும் பேப்பருக்கும்கூட அன்றன்றைக்கே கொடுத்துவிடுவேன். வாங்கினோமா, காசைக் கொடுத்தோமா, பொருள் நம்முடையதாச்சா என்று இருக்க வேண்டும் எனக்கு. என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "மூச்சுக்காத்துக்கு மாசச் சந்தா போட்டாங்கன்னா நீங்க மூச்சு விடுறதையே நிறுத்திடுவீங்க" என்பாள். என் பிடிவாதம் ஊருக்கே தெரியும்.

தையல்காரம்மா வழக்கில் போன வருஷம் நான் கொடுத்த வாக்குமூலத்தில் சில திருத்தங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது இருந்த அதிகாரி அவசரப்பட்டார். நீங்கள் நிதானமாகக் கேட்கிறீர்கள், அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் என் ஸ்டூடியோ. படம் எடுப்பதைவிட டச்சிங்தான் என் தொழில். கிழிந்த படத்தை ஒட்டுவது, மங்கிய முகத்தைத் தெளிவாக்குவது, கண்ணை மூடிவிட்ட மாப்பிள்ளைக்குக் கண்ணைத் திறந்துவைப்பது எல்லாம் செய்வேன். அதற்கான சாஃப்ட்வேரை அந்தக் காலத்தில் அட்டைப்பெட்டியோடு, டிஸ்க்காகவே வாங்கினேன். எட்டு வருஷம் உழைத்தது. பழைய கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டதும் புதியது வாங்கினேன். அது அந்த டிஸ்க்கை ஏற்கவே மாட்டேன் என்றது. விற்றவனிடம் கேட்டேன். "இப்ப யாரு சார் டிஸ்க் விக்கிறாங்க? வாடகை மாதிரி மாசாமாசம் கட்டணும்" என்றான்.

வேறு வழியில்லை, கட்டினேன். இரண்டு வருஷத்துக்குள் இரண்டு முறை விலையை ஏற்றினார்கள். நிறுத்துகிறேன் என்றால், வருஷம் முடியாமல் நிறுத்தினால் அபராதம் என்றார்கள். கம்பெனி ஆளிடம் டைப் அடித்துப் பேசுகிற வசதி ஒன்று இருந்தது. அதில் ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டினேன். 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது' என்று நான்கு முறை பதில் வந்தது. புரிந்தால் குறையுங்களேன் என்றேன். 'வேறு ஏதாவது உதவி தேவையா?' என்று கேட்டார்கள். அபராதத்தையும் கட்டிச் சந்தாவை நிறுத்தினேன். கீழே வந்து மருந்துக்கடைக்காரரிடம், "செத்தாலும் இனி ஒரு பைசா கட்ட மாட்டேன்" என்றேன். கடைக்கு வந்த எல்லாரிடமும் அதையே சொன்னேன்.

நிறுத்திய பிறகுதான் இன்னொரு சங்கதி தெரிந்தது. அந்த சாஃப்ட்வேரில் நான் செய்துவைத்திருந்த பழைய வேலை எதுவுமே திறக்கவில்லை. என் கம்ப்யூட்டரில், என் கையால் செய்த வேலை. அதைப் பார்க்க நான் அவர்களுக்குப் படியளக்க வேண்டும். நீங்களே சொல்லுங்கள், இது எந்த ஊர் நியாயம்?

இப்போது தையல்காரம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய பெண் நான்கு வயதில் ரயில் நிலையக் கூட்டத்தில் தொலைந்துபோனது. அடுத்த வருஷம் குழந்தையின் பிறந்தநாளுக்கு முதல்நாள் அந்தம்மா என் கடைக்கு வந்தார். "அண்ணா, இப்ப அஞ்சு வயசு ஆயிருக்கும். அஞ்சு வயசுல எப்படி இருப்பாளோ அப்படி ஒரு படம் செஞ்சு குடுப்பீங்களா? பழைய படத்தக் காட்டினா யாருக்கும் அடையாளம் தெரியாதுண்ணா" என்றார்.

அது லேசுப்பட்ட வேலை இல்லை. அந்தம்மாவின் பள்ளிக்கூடத்துப் படங்களையும் அவர் வீட்டுக்காரரின் சின்ன வயதுப் படங்களையும் வாங்கிக்கொண்டேன். தாடை யாருடையது, காது யாருடையது, பால்பல் விழுந்தால் உதடு எப்படி மாறும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்காகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதே கோப்பைத் திறந்து ஒரு வயது கூட்டுவேன். ஐந்திலிருந்து பத்து வரை ஆறு முகங்கள். காசு வாங்கியதில்லை. அந்தம்மா வருஷத்துக்கு ஒரு சட்டை தைத்துத் தருவார், தோள் அளவு கச்சிதமாக இருக்கும். ஞாயிறு தவறாமல் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் போஸ்டர் ஒட்டுவார். வீட்டுக்காரர் தேடி அலுத்து, மூன்றாம் வருஷமே தனியாகப் போய்விட்டார். அந்தம்மா விடவில்லை. நானும் விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நான் சந்தாவை நிறுத்திய இரண்டாம் மாதம் பதினோராவது பிறந்தநாள் வந்தது. "அண்ணா, பதினொண்ணு ஆவுது. நல்லா உசந்திருப்பா இல்ல?" என்று கேட்டபடி படியேறி வந்தார். நாளைக்கு வாம்மா என்று அனுப்பினேன். கோப்பைத் தொட்டால், சந்தாவைப் புதுப்பிக்கவும் என்று வந்து நின்றது. கீழே நீலத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் போதும்.

பணம் இல்லாமல் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தனை பேரிடம் வாய் கிழியப் பேசிவிட்டு, மூக்கறுபட்டு மறுபடி போய் நிற்பதா? அந்த வாரம்தான் என் தங்கை, தன் பெண்ணின் பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு அளவு சரிசெய்து அனுப்பச் சொல்லிப் படம் ஒன்று அனுப்பியிருந்தாள். தங்கை அப்போது வெகுதூரத்து ஊரில் இருந்தாள். பெண்ணுக்கும் பதினோரு வயது. போனில் இலவசமாகக் கிடைக்கிற ஆப் ஒன்றில் அந்தப் படத்தைப் போட்டேன். முடியைக் குட்டையாக்கினேன். புருவத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினேன். சட்டை நிறத்தை மாற்றினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முந்தின ஆறும் என் கற்பனைதானே, இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

தையல்காரம்மா படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "அண்ணா, இந்தச் சிரிப்பு எங்கம்மா சிரிப்புண்ணா" என்று விசும்பினார். மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "உயிரோட பாக்குற மாதிரியே இருக்குய்யா, இந்த வருஷம்தான் உன் கை பேசுது" என்றார். ஆறு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலையை ஒருத்தரும் அப்படிப் பாராட்டியதில்லை. எனக்குக் கொஞ்சம் மனக்கஷ்டமாகக்கூட இருந்தது.

பன்னிரண்டாவது வயதுக்கும் தங்கை மகளையே வைத்துச் செய்தேன். ஆறே மாதத்தில் தங்கை வீட்டுக்காரருக்கு இந்த ஊருக்கே மாற்றலாகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அது என் கையில் இருக்கிற விஷயமா?

பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் வைத்து அனுப்பு என்று தங்கையிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு என் கடைக்கு நேர் கீழே, பேருந்து நிறுத்தத்தில் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தையல்காரம்மா பசை வாளியைக் கீழே போட்டுவிட்டு, என் தங்கை மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தார். போஸ்டரைப் பிரித்து அவள் முகத்துக்கு நேரே காட்டினார். அவள் அதைப் பார்த்துவிட்டு, "இது நான்தான்" என்றாள். குழந்தை, உள்ளதைச் சொன்னது.

அதற்குமேல் அந்தம்மாவை யாரால் பிடித்து நிறுத்த முடியும்? வாரி அணைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். பெண் வீறிட்டு அழுதாள். பிள்ளை பிடிக்கிறவள் என்று யாரோ கத்தினார்கள். குடையால் அடித்தார்கள், செருப்பால் அடித்தார்கள். நான் படியிறங்கினேன். ஓடவில்லை, இறங்கினேன். அத்தனை அடிக்கு நடுவிலும் என்னைப் பார்த்ததும் அந்தம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணா, கிடைச்சிட்டாண்ணா. நீங்க சொல்லுங்கண்ணா, நீங்கதானே படம் செஞ்சீங்க" என்றார். அதற்குள் தங்கை தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "அண்ணா, எம் பொண்ணு படம் இவகிட்ட எப்படிண்ணா வந்துச்சு?" என்று என் சட்டையைப் பிடித்தாள். இரண்டு பேரும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் தங்கைக்குப் பதில் சொன்னேன்.

"கடைக்கு வந்து போற பொம்பளம்மா. எம் மேஜைல இருந்த படத்தத் திருடியிருப்பா" என்றேன்.

அதையே எழுத்திலும் கொடுத்தேன். பத்து வயதுவரை நான் செய்து கொடுத்தது உண்மை, பிறகு செய்யவில்லை, செய்யவும் முடியாது, என்னிடம் அந்த சாஃப்ட்வேரே இல்லை என்றேன். உங்கள் அதிகாரி கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். நான் சந்தாவை நிறுத்திய தேதிக்குப் பிறகு இந்தக் கணக்கில் எந்த வேலையும் நடக்கவில்லை என்று இரண்டே நாளில் பதில் போட்டார்கள். நான் கேட்டதற்கெல்லாம் ஒரு மத்தியானம் இழுத்தடித்தவர்கள். அவர்களால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அதுதான்.

தையல்காரம்மா உள்ளே போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அடிபட்டதில் இடது கண் சரியாகத் தெரியவில்லை என்று கேள்விப்பட்டேன். வெளியே விட்டால் தன் பெண்ணை என் தங்கையிடமிருந்து மீட்டுவிடுவேன் என்று ஒவ்வொரு முறையும் நீதிபதி முன்னால் சொல்கிறாராம். பிறகு யார் ஜாமீன் கொடுப்பார்கள்? ஒரு தையல்காரிக்குக் கண் இப்படி ஆனது பெரிய கஷ்டம்தான். எனக்கும் சோறு இறங்கவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

இதுவரைக்கும் நீங்களே யூகித்திருப்பீர்கள். நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன்.

அந்தம்மாவின் போன் எப்போதும் சார்ஜ் இல்லாமல் கிடக்கும் என்பதால், போஸ்டரில் தொடர்புக்கு என் கடை நம்பரைப் போடச் சொல்லியிருந்தேன். பதினோராவது வயதுப் படம் ஒட்டிய நான்காவது மாதம், ஒரு மத்தியான வேளையில், குழந்தைகள் விடுதியின் காப்பாளரம்மா ஒருவர் பேசினார். "எங்ககிட்ட ஒரு பொண்ணு இருக்கா சார். நாலு வயசுல ரயில்ல தனியா கிடைச்சவ. தையல் மிஷின் சத்தம் கேட்டா போதும், போய் அது காலடியில உக்காந்துக்குவா. போஸ்டர்ல தையல்காரி மகள்னு பாத்ததும் எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. ஆனா முகம் சேரவே இல்லையே சார். நான் உங்களுக்கு அவ படத்த அனுப்புறேன். நீங்க தொழில் தெரிஞ்சவரு, பாத்துச் சொல்லுங்க. வெளிநாட்டுல இருக்கிற ஒரு தம்பதி அவளத் தத்துக் கேக்குறாங்க, அடுத்த மாசம் கையெழுத்து" என்றார்.

படம் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க என் பழைய கோப்பு திறக்காது, கோப்பு இல்லாமல் ஒரு தொழில்காரன் எப்படி உறுதியாகச் சொல்வது என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் மேடம். ஒப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆறு வருஷம் நான் இழைத்து இழைத்துச் செய்த தாடை, நான் நிமிர்த்திவைத்த மூக்கு. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஆமாம் என்று சொன்னால், அப்போது சுவரெல்லாம் ஒட்டியிருக்கிற முகம் யாருடையது என்று அந்தம்மா கேட்பார். நான் என்ன சொல்வேன்?

திரும்பக் கூப்பிட்டேன். "முகம் சேரலைன்னா அது அந்தப் பொண்ணு இல்லீங்க. நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க" என்றேன். காப்பாளரம்மா நன்றி சொல்லிவிட்டு வைத்தார். இப்போது விசாரித்தால், அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், தத்துக் கொடுத்த விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்கிறார்கள். நீங்கள் கேட்டால் ஒருவேளை சொல்வார்கள்.

போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. திரும்பி வருகிறவர்களுக்குப் பாதி விலையாம். ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினேன். கோப்பு திறந்தது. பத்து வயது முகத்துக்கு முறைப்படி ஒரு வயது கூட்டினேன். இரண்டு நாள் ஆனது. பிறகு காப்பாளரம்மா அனுப்பிய படத்தை அதன்மேல் வைத்தேன். கண்ணுக்கு நேரே கண் உட்கார்ந்தது. மூக்கு, உதடு, தாடை எதுவும் இம்மியும் பிசகவில்லை. பெற்றவள்கூட இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க முடியாது. இரண்டையும் பெரிதாக பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். நீங்கள் அந்தம்மாவிடம் காட்டினால் நல்லது.

பத்து வயதுவரைக்கும் நான் செய்து கொடுத்த முகங்களில் ஒரு தப்பும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அதில் மட்டும் யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.